கை போன போக்கு

படூரில், பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஓர் அடுக்ககத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் பதினாறு பெண்கள் தரையில் உட்கார்ந்து பொம்மை செய்துகொண்டிருந்தோம். நடுவில் துணித்துண்டுகள், நூல்கண்டுகள், பஞ்சு, பொத்தான்கள், காய்ந்த குச்சிகள். சொல்லிக்கொடுக்க வந்திருந்த பெண், அளவுத்தாளோ மாதிரியோ எதுவும் தரவில்லை. "யோசிக்காதீங்க. கை போன போக்குல போங்க. என்ன வருதோ அதுதான் உங்க பொம்மை" என்றார். மூன்று மணி நேரப் பயிலரங்கு. கட்டணம் உண்டு, தேநீரும் உண்டு.

நானும் யோசிக்காமல்தான் செய்தேன். ஒரு பழைய பருத்திச் சேலைக் கிழிசலை எடுத்து நீளமாகச் சுருட்டினேன். பாதியாக மடித்தேன். மடிப்புக்குக் கீழே நூலால் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சிட்டேன். தலை வந்தது. குறுக்கே இன்னொரு துண்டைச் செருகினேன். கை வந்தது. இடுப்பில் ஒரு கட்டு, அதற்குக் கீழே தொங்கும் துணி பாவாடை. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் வியந்தார்கள். "உங்களுக்கு உள்ளுணர்வு ரொம்ப நல்லா வேலை செய்யுது" என்று பயிற்சியாளர் பாராட்டினார்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொம்மையைக் கையில் திருப்பிப் பார்த்தபோது அந்தச் சந்தோஷம் நிற்கவில்லை. அந்த முடிச்சு எனக்குத் தெரிந்த முடிச்சு. அது என் ஆயா போடும் முடிச்சு.

ஆயாவுக்கு உப்பளத்தில் வேலை. கேளம்பாக்கத்துக்கும் கோவளத்துக்கும் இடையே வெள்ளை வெள்ளையாகப் பாத்திகள் கிடக்குமே, அங்கே கூடையில் உப்பைச் சுமந்து கரையேற்றும் வேலை. வெயில் காலம் முழுக்க அந்த வேலைதான். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் உப்பளம் நின்றுவிடும். கூலியும் நின்றுவிடும். அப்போது ஆயா வயலுக்குப் போவாள், நாற்று நடுவாள், அதுவும் இல்லாத நாளில் ஏரிக்கரையில் ஆடு மேய்ப்பாள். ஏரி நிறையும்போது கரையோரம் கோரை தளதளவென்று எழும்பி நிற்கும். ஆயா ஒரு கைப்பிடி கோரையைப் பிடுங்கி, வேர்ப்பக்கத்து மண்ணை உதறி, ஒரு தாளைப் பல்லால் கீறி நாராக்கி, மடித்துக் கட்டிக் கொடுப்பாள். தலை, கை, இடுப்பு, பாவாடை. ஆட்டின்மேல் வைத்த கண்ணை எடுக்காமலே செய்வாள். "இந்தா கண்ணு, உம் பொண்ணு. பசிக்குதாம் பாரு" என்பாள்.

அந்தப் பொம்மைக்கு ஆயுள் இரண்டு நாள். பச்சை மாறிப் பழுப்பாகும், நார் தளரும், தலை சாயும். ஆயா இன்னொன்று செய்வாள். வீட்டில் கிழிந்த சேலை இருந்தால் துணியிலும் செய்வாள். ஆனால் கிழிந்த சேலைக்கு வீட்டில் ஆயிரம் வேலை காத்திருக்கும்: தூளி, கரித்துணி, தீட்டுத்துணி, தலைச்சும்மாடு. இவற்றுக்கெல்லாம் போக மிஞ்சியதுதான் பொம்மைக்கு.

பயிலரங்கு முடிந்து வீட்டுக்கு வந்தபின் ஒரு கேள்வி என்னை விடவில்லை. கை தானாகப் போயிற்று என்கிறோமே, அது எந்த வழியாகப் போயிற்று? அந்த வழியைப் போட்டது யார்? கலை வரலாறு படித்த காலத்தில் கல், செம்பு, சுடுமண் என்று பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். கோரை என்று ஓர் அத்தியாயம் இருந்ததில்லை. கோரை மட்கிவிடும் என்பது அதற்கு ஒரு காரணம். எது கலை, எது பொழுதுபோக்கு என்பதை முடிவு செய்தவர்கள் ஏரிக்கரையில் உட்கார்ந்ததில்லை என்பது இன்னொரு காரணம்.

ஆனால் மட்கியது அத்தனையும் தடயமில்லாமல் போய்விடவில்லை. சங்கப் பாடல்களில் பொம்மை செய்யும் சிறுமிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். பஞ்சாய் என்பது ஒருவகைக் கோரை. அதில் செய்தது பஞ்சாய்ப் பாவை. ஈரமணலிலும் வண்டலிலும் பிடித்தது வண்டற் பாவை. குறுந்தொகையின் 114ஆம் பாடல் பொன்னாகன் என்ற புலவருடையது. அதில் பேசும் பெண், நெய்தல் படர்ந்த இடத்தில் பாவையைக் கிடத்திவிட்டுத் தலைவனைப் பார்க்க வந்திருக்கிறாள். சீக்கிரம் அனுப்பிவிடு என்கிறாள். ஆரல் மீனைத் தின்று வயிறு நிறைந்த நாரை, கிடக்கும் தன் மகளின் நெற்றியை மிதித்துவிடுமாம். அவள் மகள் என்று சொல்வது பாவையை. ஆயா என்னிடம் "உம் பொண்ணு" என்று நீட்டியதற்கும் இதற்கும் நடுவில் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள்.

ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தல் பகுதியில், 124ஆம் பாடலில் இன்னொரு சிறுமி வருகிறாள். அவள் கரையில் செய்த வண்டற் பாவையைக் கடல் அடித்துக்கொண்டு போய்விட்டது. அவள் நுண்மணலை அள்ளி அள்ளிப் போட்டுக் கடலையே தூர்க்கப் பார்க்கிறாள். படிக்கும்போது சிரிப்பு வருகிறது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு அடங்கிவிடுகிறது. தான் செய்ததைப் பறித்த கடலோடு ஒரு சிறு பெண் நேருக்கு நேர் மல்லுக்கு நிற்கிறாள்.

ஆனால் இந்த இரண்டு பாடல்களிலும் பொம்மை எதற்காக வருகிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. முதலாவதில் அது காதல் சந்திப்புக்குச் சாக்கு. இரண்டாவதில் தலைவனுக்கு வேண்டிய ஒருத்தியின் பேதைமையைச் சொல்லி அவனைக் குத்திக்காட்ட ஒரு சான்று. செய்யும் சிறுமியின் கையை யாரும் நின்று பார்க்கவில்லை. எத்தனை தாள் எடுத்தாள், எப்படி மடித்தாள், யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது எதுவும் அங்கே இல்லை. பாவை என்ற சொல்லே பொம்மையையும் பெண்ணையும் ஒன்றாகக் குறிக்கும் மொழி நம்முடையது. செய்யப்பட்ட பாவையைப் பாடினார்கள். பாவை போன்ற பெண்ணைப் பாடினார்கள். பாவையைச் செய்த பெண் அந்த இரண்டுக்கும் இடையில் மறைந்துபோனாள்.

எங்கள் ஊரிலிருந்து தெற்கே பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் மாமல்லபுரம். ஏழாம், எட்டாம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்துப் பாறைகள். அந்த ஊருக்குப் பக்கத்திலேயே பூஞ்சேரியில் ஒரு பாறையில் சில பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கேவாதப் பெருந்தச்சன், கொல்லன் சேமகன் என்று போகும் அந்தப் பெயர்கள் மாமல்லபுரத்தில் வேலை செய்த கைவினைஞர்களுடையவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அரசன் பெயரை மட்டுமே கல்வெட்டும் நாட்டில் உழைத்தவர்கள் பெயரும் எங்கோ ஒரு பாறையில் நிற்கிறது என்பது பெரிய விஷயம். முதல்முறை அதைப் பற்றிப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

அந்தப் பெருந்தச்சர்களின் கலைக்கு நூல் உண்டு. தலை, முகம், மார்பு, தொடை என்று ஒவ்வொன்றுக்கும் தாள அளவு உண்டு. தந்தையிடமிருந்து மகனுக்கு, குருவிடமிருந்து சீடனுக்கு என்று போன அறிவு அது. 1957இல் மாமல்லபுரத்தில் அரசே சிற்பக் கல்லூரி தொடங்கியது. 2017இல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நான் அந்தக் கலையைக் குறைத்துச் சொல்லவில்லை. உளியும் கல்தூசியும் எவ்வளவு கடினம் என்று அந்தச் சாலையில் நடந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் ஆணின் கை அளவோடு போனால் அதற்குச் சாஸ்திரம் என்று பெயர் வைத்தோம். பெண்ணின் கை அளவோடு போனால் அதை இயல்பு என்றோம். ஆயாவின் கோரைப் பொம்மைக்கும் அளவு இருந்தது. தலை இவ்வளவு, உடம்பு இவ்வளவு என்று அவள் விரல் அறிந்திருந்தது. மடிப்பிலிருந்து இரண்டு விரல் தள்ளிக் கட்டினால்தான் தலை நிற்கும். அது தாள அளவு இல்லாமல் வேறு என்ன?

கொலு வைக்கும் வீடுகளில் மரப்பாச்சி உண்டு. செம்மரத்தில் கடைந்த ஆணும் பெண்ணுமான ஜோடி, கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கொடுப்பது. மரத்தைச் செதுக்குவது ஆசாரியின் வேலை. அது மொட்டையாக, முகம்கூடச் சரியாக இல்லாமல்தான் வரும். நவராத்திரி வந்தால் வீட்டுப் பெண்கள் பழைய பட்டுத் துண்டு, ஜரிகை, கலர் பேப்பர், உடைந்த வளையல், பாசிமணி எல்லாவற்றையும் எடுத்து அதற்கு உடுத்தி அலங்கரிப்பார்கள். போன வருஷம் ராஜாவாக இருந்தவர் இந்த வருஷம் போலீஸ்காரர் ஆவார். நான் ஒரு தோழி வீட்டில் இதைப் பார்த்தபோது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் யாரும் கொலு வைத்ததில்லை. வைத்தவர்கள் வீட்டுப் படியை ஆயா ஏறியதில்லை. மிஞ்சிய துணியில் உருவம் காணும் விளையாட்டு இரண்டு வீட்டுப் பெண்களுக்கும் தெரிந்திருந்தது. ஒரு வீட்டில் அதற்குப் படிக்கட்டு கட்டி, சுண்டல் கொடுத்து, நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். இன்னொரு வீட்டில் அது ஆடு மேய்க்கும் நேரத்தோடு முடிந்தது. பெண்களின் கலை என்று நாம் ஒரே மூச்சில் சொல்லும்போது சாதி போட்ட இந்தக் கோடு அழிந்துவிடக் கூடாது.

கலையுலகம் யோசிக்காமல் செய்வதைக் கொண்டாடத் தொடங்கிய காலத்திலும் பெண்ணுக்குக் கிடைத்த இடம் பெரிதாக மாறவில்லை. முதல் உலகப் போரின் அழிவைப் பார்த்து, அறிவையும் ஒழுங்கையும் கேலி செய்து எழுந்தது தாதா இயக்கம். பெர்லினில் அதன் முக்கியக் கலைஞர்களில் ஒருவர் ஹன்னா ஹோஹ். 1916 முதல் பத்தாண்டுகள் அவர் உல்ஸ்டைன் பதிப்பகத்தில் பெண்கள் இதழ்களுக்குப் பூத்தையல், பின்னல் மாதிரிகள் வரைந்து பிழைத்தார். அந்தத் தையல் மேசையின் துணியும் மணியும் கொண்டு பொம்மைகள் செய்தார். 1920இல் பெர்லினில் நடந்த முதல் சர்வதேச தாதா கண்காட்சியில் அவருடைய இரண்டு பொம்மைகள் இடம்பெற்றன. அவரைச் சேர்க்க வேண்டாம் என்று உடனிருந்த ஆண் கலைஞர்களே எதிர்த்தார்கள். பின்னாளில் ஹன்ஸ் ரிக்டர் எழுதிய நினைவுக்குறிப்பில், கையில் காசில்லாத நாட்களிலும் ரொட்டியும் பீரும் காப்பியும் எப்படியோ கொண்டுவந்து வைத்தவர் என்று அவர் நினைவுகூரப்படுகிறார். 1930களில் ஹன்ஸ் பெல்மர் செய்த பொம்மை, பெண்ணுடலைத் துண்டு துண்டாகக் கழற்றி மாட்டும் பொம்மை, உலகப் புகழ் பெற்றது. பொம்மை ஆணின் கைக்கு வந்தால் ஆழ்மனம், பெண்ணின் கையில் இருந்தால் தையல் வேலை. பெர்லினுக்கும் படூருக்கும் இந்தக் கணக்கில் தூரம் குறைவு.

2004 டிசம்பர் 26. அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான். எங்கள் பக்கத்தில் கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் எல்லாக் கடற்கரையிலும் கடல் உள்ளே வந்தது. தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். 2005 மார்ச்சில் ஆக்ஸ்ஃபாம் வெளியிட்ட அறிக்கை, கடலூர் மாவட்டத்தில் இறந்தவர்களில் பெண்கள் 391, ஆண்கள் 146 என்று கணக்குச் சொன்னது. ஆண்கள் படகில் ஆழ்கடலில் இருந்தார்கள். அங்கே அலை அடியில் போய்விட்டது. பெண்கள் கரையில் மீனுக்குக் காத்திருந்தார்கள், குழந்தைகளோடு வீட்டில் இருந்தார்கள். சேலை தடுக்கியது. நீச்சல் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்படவில்லை.

அலை வடிந்தபின் மாமல்லபுரத்தில் மண்ணுக்குள் கிடந்த பழைய கற்கள் வெளியே தெரிந்தன. சாளுவன்குப்பத்தில் புதைந்திருந்த ஒரு முருகன் கோயில் 2005இல் தோண்டி எடுக்கப்பட்டது. நாளிதழ்கள் எழுதின, அறிஞர்கள் வந்தார்கள். அதே மாதங்களில் இன்னும் தெற்கே, புதுச்சேரிக்கு அருகில் ஆரோவில்லைச் சுற்றியுள்ள மீனவக் கிராமங்களில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. கடலைப் பார்க்கவே பயந்து உட்கார்ந்திருந்த பெண்களிடம், உமா பிரஜாபதி நடத்திய உபாசனா ஆடை வடிவமைப்புக் கூடம் தையலில் மிஞ்சிய துணித்துண்டுகளைக் கொண்டுபோனது. கட்டைவிரல் அளவுக்கும் சிறிய ஒரு பொம்மை பிறந்தது. அதற்கு சுனாமிகா என்று பெயர். பெண்கள் கூடி உட்கார்ந்து செய்தார்கள். பேசினார்கள், அழுதார்கள், செய்தார்கள். அந்தப் பொம்மை விற்கப்படவில்லை. பரிசாகவே கொடுக்கப்பட்டது. வாங்கியவர்கள் மனமுவந்து தந்த பணத்திலிருந்து செய்தவர்களுக்குக் கூலி போனது. லட்சக்கணக்கில் உலகமெங்கும் போயிற்று.

ஐங்குறுநூற்றுச் சிறுமி கடலில் மண்ணை அள்ளிப் போட்டதை நான் சுனாமிகாவோடு சேர்த்துத்தான் நினைக்கிறேன். பறித்துக்கொண்ட கடலுக்கு எதிரே உட்கார்ந்து, கையளவு எதையாவது செய்வது. ஆனால் அந்தப் பெண்களின் கைக்கு ஊசிநூல் அன்றைக்குத்தான் கிடைத்தது என்று கதை சொல்லக் கூடாது. வலை பழுது பார்த்த கை அது, பூக்கட்டிய கை, மீன் ஆய்ந்த கை. முடிச்சு அதற்கு முன்பே தெரியும். துணியும், கூடி உட்கார நேரமும், அந்த நேரத்துக்குக் கூலியும்தான் புதிதாக வந்தவை.

மெக்சிகோவின் சியாபாஸ் மலைகளில், 1994இல் சபதிஸ்தாக்கள் கிளர்ந்தெழுந்தபோது, சாமுலா ஊர்ப் பழங்குடிப் பெண்கள் சந்தையில் ஏற்கெனவே விற்றுவந்த கம்பளிப் பொம்மைகளுக்குக் கறுப்பு முகமூடி போட்டார்கள். பொம்மைகள் கிளர்ச்சிக்காரர்கள் ஆயின. இதையும் திடீர்க் கற்பனை என்று சொல்லலாம். பொம்மை முன்பே இருந்தது, சந்தை இருந்தது, கறுப்புக் கம்பளி இருந்தது. வரலாறு வாசலுக்கு வந்தபோது அந்தக் கை தயாராக இருந்தது.

ஆகவே உள்ளுணர்வு என்ற சொல்லோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. சொல் பொய் என்று சொல்லமாட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குள் நடந்தது உண்மை. யோசித்திருந்தால் அந்த முடிச்சு வந்திருக்காது. ஆனால் அந்தச் சொல் என்னைப் பாராட்டிய வேகத்தில் ஆயாவை அழித்துவிட்டது. பல்லால் கோரையைக் கீறியவள், மழைக்காலப் பசியில் பேத்திக்கு ஒரு மகளைக் கட்டிக் கொடுத்தவள், அவளுக்குக் கற்றுக்கொடுத்த இன்னொருத்தி, எல்லோரும் என் உள்ளுணர்வு என்று ஆகிவிட்டார்கள். சாஸ்திரம் ஆசிரியரை நினைவில் வைத்துக்கொள்கிறது. உள்ளுணர்வுக்கு ஆசிரியர் இல்லை. பெண்களிடமிருந்து பெண்கள் கற்றதைப் பாடம் என்று ஒப்புக்கொள்ளாமல் இருக்க இதைவிட மரியாதையான வழி கிடையாது.

நேரம் என்ற கணக்கும் இதில் இருக்கிறது. கை தன்போக்கில் போக வேண்டுமென்றால் அதை யாரும் கூப்பிடக் கூடாது. எனக்கு அந்த மூன்று மணி நேரம் கட்டணம் கட்டிக் கிடைத்தது. ஆயாவுக்கு அது கூலி இல்லாத நாட்களில் மட்டும் கிடைத்தது. அவள் செய்த பொம்மைகள் எல்லாம் வருமானம் நின்ற மாதங்களின் பொம்மைகள். நான் சிறுமியாக அதை விளையாட்டுக் காலம் என்று நினைத்திருந்தேன்.

பயிலரங்கின் கடைசியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். எல்லோரும் பொம்மைகளை வரிசையாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கிளப் ஹவுஸைச் சுத்தம் செய்யும் அக்கா, தரையில் சிதறிய துண்டுகளைப் பெருக்கிக் குவித்துவிட்டு, "இதை நான் எடுத்துக்கட்டுமா மேடம்?" என்று கேட்டார். என் பொம்மையைப் பார்த்தவர் கையில் வாங்கிக் கழுத்தைத் தொட்டார். "ஒரு சுத்து பத்தாதுமா. பின்னாடி கொண்டுபோய்க் குறுக்கால இழுக்கணும். இல்லேன்னா தலை ஆடும்." சொல்லிக்கொண்டே அவிழ்த்துக் கட்டினார். தலை நின்றது.

"யாருக்கா சொல்லிக்குடுத்தாங்க?" என்றேன்.

"எங்கம்மாதான். வேற யாரு சொல்லித் தருவா?"

அம்மாவின் பெயரைக் கேட்டேன். சொன்னார். எழுதிக்கொள்ளட்டுமா, புத்தகத்தில் போடட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "பொஸ்தகத்துல வேணாம்மா. நீங்க வெச்சுக்குங்க" என்றார். அதனால் அந்தப் பெயர் என் குறிப்பேட்டில் இருக்கிறது, இங்கே இல்லை.

அன்று இரவே என் அம்மாவுக்குப் போன் செய்து, ஆயாவுக்குப் பொம்மை கட்டக் கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்டேன். "அவங்க அம்மாவா இருக்கும்" என்றார். அந்த அம்மாவின் பெயர்? அம்மா யோசித்தார். பெரியம்மாவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். பெரியம்மாவுக்கும் தெரியவில்லை. உங்கள் வீட்டில் கேட்க இன்னும் ஆள் இருந்தால், கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.